அசலில் எடுத்தால் குறை வராதா?

தூத்துக்குடிப் பக்கம் சம்பந்தம் பேசும்போது ஒரு வாக்குறுதி தவறாமல் வந்துவிடும்: "சொந்தத்துல எடுக்கல, அசல்லதான் எடுக்கோம். பிள்ளைக்கு ஒரு குறையும் வராது." டாக்டர் இருக்கும் வீட்டிலும் இதே கணக்குதான். கணக்கு தப்பு.

உறவுமணத்தில் ஆபத்து கூடும் என்பது சரி. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு (2019-21) தமிழ்நாட்டில் சொந்தத்தில் மணந்தவர்கள் நூற்றுக்கு 28 என்கிறது. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் பிறந்த குழந்தைகளைப் பற்றி 2013இல் வந்த ஆய்வில், பிறவிக் குறை பொதுவாக 3 சதவீதம். அண்ணன் தம்பி, அக்கா தங்கை பிள்ளைகளுக்குள் மணமானால் 6. இரண்டு மடங்குதான். ஆனால் அந்த மூன்றைச் சௌகரியமாக மறந்துவிடுகிறோம். பூஜ்யம் யாருக்கும் எழுதிவைக்கப்படவில்லை.

அசல் என்பதுதான் எது? வேம்பார் பரதவர் வீட்டுக்கு மணப்பாட்டுப் பெண் அசல். ஆனால் இரண்டு ஊரும் பரதவரின் ஏழு கடற்கரை ஊர்களான ஏழுகடல்துறையைச் சேர்ந்தவை. அதற்குள்ளேயே எத்தனையோ தலைமுறையாகப் பெண் கொடுத்துப் பெண் எடுத்திருக்கிறார்கள். காயல்பட்டினத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போவார், ஊரைத் தாண்டிச் சம்பந்தம் போவது அபூர்வம். நாடாரும் பிள்ளைமாரும் இதில் ஒன்றும் தாராளம் காட்டுகிறவர்கள் அல்ல. சாதிக்குள் தேடும் அசல், தாத்தாக்கள் பெயர் மறந்துபோன சொந்தம், அவ்வளவே.

ஹைதராபாத்தின் சிசிஎம்பி ஆய்வு நிலையமும் ஹார்வர்டும் சேர்ந்து 2017இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. தெற்காசியாவின் 260க்கு மேற்பட்ட சமூகங்களில் 81, ஒரு சில முன்னோரிடமிருந்து பெருகியதன் தடத்தை, அதற்குப் பேர்போன அஷ்கெனாசி யூதரையும் பின்லாந்தியரையும் விட அழுத்தமாகச் சுமக்கின்றன. பத்து லட்சம் பேருக்கு மேல் உள்ள சாதிகளும் அவற்றில் உண்டு.

"அப்போ கல்யாணத்துக்கு முன்னால டெஸ்ட் எடுத்துரலாமே" என்பார்கள். அந்தக் காலத்தில் முத்துக்குளித்துறையில் சிப்பியைத் திறக்காமலே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விட்டார்கள். உள்ளே என்ன இருந்தாலும் எடுத்தவர் பாடு. கல்யாணமும் அப்படித்தான் இருந்துவந்தது. இப்போது திறந்து பார்க்க வழி வந்திருக்கிறது. ஆனால் யாருடைய சிப்பியை முதலில் திறப்பார்கள்? மாப்பிள்ளை வீட்டார் ரிப்போர்ட் கேட்பார்கள், பெண் வீட்டார் கொடுப்பார்கள். ஜாதகக் கட்டோடு இன்னொரு கட்டு.

சில பத்தாண்டுகளுக்கு முன் கிரேக்கத்தின் ஒர்கோமெனோஸ் என்ற ஊரில் இது நடந்தேவிட்டது. அரிவாள் செல் நோய்க்கான மரபணுவைச் சுமப்பவர்கள் யார் என்று பரிசோதித்துச் சொன்னார்கள். நோய் குறையவில்லை. சுமப்பவர்களுக்குக் களங்கம் ஒட்டிக்கொண்டது. சிலர் அதை மறைத்துத் திருமணம் செய்தார்கள்.

சுமப்பது நோய் அல்ல. நாம் ஒவ்வொருவரும் அப்படிச் சிலவற்றைச் சுமக்கிறோம். இப்படி மறைந்து வரும் நோய்களில், தாயும் தகப்பனும் ஒரே குறையைச் சுமந்தால்தான் பிள்ளைக்கு நாலில் ஒரு பங்கு ஆபத்து. அதில் சரிபாதி தகப்பன் கொடுத்தது. பேச்சோ "எங்க வழியில அப்படி யாருமே கிடையாது" என்று முடியும், மருமகள் தலை குனிந்திருப்பாள். ரத்தம் சரியாக உறையாத ஹீமோபிலியா மகனுக்குத் தாய்வழி வருவது உண்மை. அதிலும் மூன்றில் ஒன்று குடும்பத்தில் முன்பின் இல்லாமல் புதிதாக முளைப்பது.

மரபணு அறிவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆரிய வைசியர் சிலருக்கு அறுவைச் சிகிச்சையில் தசையைத் தளர்த்தும் சக்சினைல்கோலின் மருந்து சீக்கிரம் முறியாது, மூச்சே திணறலாம். இது தெரிந்த மயக்க மருத்துவர் முன்கூட்டியே கேட்டு மருந்தை மாற்றுகிறார், உயிர் தப்புகிறது. எந்தச் சம்பந்தமும் முறியவில்லை. ஆனால் அதே அறிவு காப்பீட்டுக் கம்பெனி கைக்குப் போனால் வேறு கதை: மரபணு நோய் என்று சொல்லி ஒருவருக்குப் பணம் மறுக்கப்பட்ட வழக்கில், அப்படிப் பொதுவாக விலக்குவது பாரபட்சம் என்று டெல்லி உயர்நீதிமன்றம் 2018இல் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது.

ஆகவே பரிசோதனை வேண்டுமென்றால் கணவனும் மனைவியும் சேர்ந்து எடுக்கட்டும், ஆலோசனை சொல்லத் தெரிந்த மருத்துவரிடம். முடிவு அவர்கள் இருவருக்கு மட்டும். கருவில் குறை தெரிந்தால் என்ன செய்வது என்பதில் கோயிலும் ஜமாத்தும் ஒன்று சொல்லும், சட்டம் வேறு சொல்லும். வயிற்றில் சுமக்கிறவள் சொல்வதைக் கேட்டுவிட்டு மற்றவர்கள் பேசலாம். தரகர் கையில் மட்டும் அந்தக் காகிதத்தைக் கொடுக்காதீர்கள். கேட்கிற மாமியாரிடம், "உங்க மகன் ரிப்போர்ட்டை முதல்ல காட்டுங்க அத்தை" என்று சொல்லுங்கள்.