மோதிரம் சொன்ன உண்மை!

குற்றப்படம் என்றால் துப்பாக்கி வெடிக்க வேண்டும், கார்கள் பறக்க வேண்டும் என்று பலர் எண்ணுகிறார்கள்.

ஒரு சிறிய வீட்டைக் காட்டியே நெஞ்சு படபடக்கச் செய்த படம் ஒன்று உண்டு. 1947-ம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்தது. பெயர், "இட் ஆல்வேஸ் ரெயின்ஸ் ஆன் சண்டே". "ஞாயிறு என்றாலே மழைதான்" என்று பொருள்.

பிரிட்டிஷ் குற்றப்படம் என்றதும் 1949-ல் வந்த "தி தேர்ட் மேன்" படத்தைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். அதுவும் நல்ல படம்தான். ஆனால், குடும்பம் நடத்துகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்தப் படமே!

கைதி வந்தான்

கதை ஒரே நாளில் முடிகிறது. லண்டனின் கிழக்கே பெத்னல் கிரீன். தொழிலாளர்கள் வாழும் பகுதி. அங்கே ரோஸ் என்ற பெண். கணவன் ஜார்ஜ் அவளைவிட வயதில் மூத்தவன். முதல் தாரத்துப் பெண்கள் இருவர், பையன் ஒருவன்.

டார்ட்மூர் ஜெயிலில் இருந்து டாமி என்ற கைதி தப்பி ஓடுகிறான். அவன் ரோசின் பழைய காதலன்.

ரோஸ் தோட்டத்துக்குப் போகிறாள். குண்டு வீச்சுக்குப் பயந்து யுத்த காலத்தில் போட்ட பதுங்கு குழியில், மழையில் நனைந்தபடி அவன்!

அவனைப் படுக்கை அறையில் ஒளித்து வைக்கிறாள்.

ரொட்டிக்கும் ரேஷன்

யுத்தம் முடிந்தும் இங்கிலாந்தில் தட்டுப்பாடு தீராத காலம் அது. 1946 முதல் 1948 வரை ரொட்டிக்குக்கூட ரேஷன்! அளந்து சாப்பிடும் வீட்டில், யாருக்கும் தெரியாமல் ஒருவனுக்குச் சோறு போட முடியுமா?

பிள்ளைகள் வருகிறார்கள், போகிறார்கள். ரோஸ் சமைக்கிறாள், அதட்டுகிறாள். கண் மட்டும் படுக்கை அறைக் கதவின் மீது. பார்க்கும் நமக்குத்தான் வேர்க்கிறது! டைரக்டர் ராபர்ட் ஹேமரின் திறமை இதுதான்.

ரோசாக நடித்தவர் கூகி விதர்ஸ். டாமியாக வந்தவர் ஜான் மெக்காலம். 1948-ல் இருவரும் நிஜமாகவே கல்யாணம் செய்துகொண்டார்கள்.

அடையாளம் தெரியவில்லை

செலவுக்கு விற்றுக்கொள் என்று டாமியிடம் ஒரு மோதிரத்தைக் கொடுக்கிறாள் ரோஸ். முன்பு அவன் அவளுக்குக் கொடுத்த மோதிரம் அது. இத்தனை காலமும் பத்திரமாக வைத்திருந்தாள். அவனுக்கோ அது அடையாளமே தெரியவில்லை!

ரோஸ் ஒன்றும் சொல்லவில்லை. அவள் முகம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. நூறு துப்பாக்கிச் சூட்டைவிட வலிக்கிற காட்சி அது.

பார்க்கலாமா?

"பழைய காதலனை ஒளித்து வைத்தவள் கதையைக் குடும்பத்தோடு பார்க்கலாமா?" என்று சிலர் கேட்கலாம். வயது வந்த பிள்ளைகளோடு தாராளமாகப் பார்க்கலாம். படம் தவறை அலங்கரிக்கவில்லை. அதற்காக அவளைக் கல்லால் அடிக்கவும் இல்லை.

ரெயில் தண்டவாளங்களுக்கு நடுவே டாமி பிடிபடுகிறான். உயிரை விடத் துணிந்த ரோஸ், ஆஸ்பத்திரியில் பிழைக்கிறாள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஜார்ஜ். அவன் அழகன் அல்ல. இனிக்க இனிக்கப் பேசத் தெரிந்தவனும் அல்ல. ஆனாலும் அவளைக் கைவிடவில்லை. அவளுக்கு ஆறுதல் சொல்கிறான்.

மோதிரம் கொடுத்தவன் மறந்துவிட்டான். கூட வாழ்ந்தவன் நிற்கிறான். எது அன்பு என்று படம் பிரசங்கம் செய்யவில்லை. பார்ப்பவர்களுக்கே புரிகிறது.

கறுப்பு-வெள்ளைப் படம்தானே என்று ஒதுக்காதீர்கள். கிடைத்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவசியம் பாருங்கள்!