தலையணி இன்றேல் மெய்நிகர் இல்லையா?

மெய்நிகர் விளையாட்டு என்றதும், கண்ணிரண்டையும் மூடித் தலையைச் சுற்றி இறுகக் கட்டிய ஒரு பெட்டியே இன்று பலரது மனத்தில் தோன்றுகின்றது. ‘ஹெட்செட்’ என வழங்கும் அத்தலையணி இல்லாதவிடத்து மெய்நிகர் விளையாட்டும் இல்லை என்பது, விற்பவர் வாயிலிருந்து புறப்பட்டுக் கற்றவர் வாயிலும் குடிபுகுந்துவிட்ட ஒரு கருத்தாகும். கருவி வந்த பின்னரே கற்பனை வரலாம் என்றும், கருவி வாங்க வசதியற்ற கிராமம் அதுவரை காத்திருக்கவேண்டியதே என்றும் இக்கருத்து மெல்ல மெல்ல நீண்டு செல்கின்றது. இது வரலாற்றுக்குப் பொருந்தாதது; அறிவியலுக்கு அரைகுறையாகவே பொருந்துவது; கிழக்கிலங்கையின் வாவிக்கரை வாழ்வுக்கோ தீங்கானது. இம்மூன்றும் ஈண்டு ஒவ்வொன்றாக நோக்கத்தக்கன.

முதலில் வரலாறு. மெய்நிகர் உண்மை என்று பொருள்படும் தொடரைக் கணினியாளர் கையாளுமுன்னரே பிரெஞ்சு நாடகவியலாளரான அந்தோனின் ஆர்தோ கையாண்டுவிட்டார். 1938 இல் வெளிவந்த ‘அரங்கும் அதன் இரட்டையும்’ என்னும் நூலில் அவர் அத்தொடராற் சுட்டியது அரங்கின் உலகத்தையே. 1980களில் யாரன் லேனியர் அத்தொடரைக் கணினித்துறையிற் பரப்பியபோது, கையுறையும் தலையணியும் அதனுடன் சேர்ந்தே சந்தைக்கு வந்தன. சொல்லும் சரக்கும் ஒன்றெனும் மயக்கம் அக்காலத்தில் வேர்கொண்டது எனலாம்.

தலையணியின் முன்னோடி 1968 இல் ஐவன் சதர்லாந்து அமைத்த கருவியாகும். கூரையிலிருந்து தொங்கிய பாரமான பொறி அது. ஆயின், அதே தலைமுறையில் வேறு வழிகளும் திறந்தேயிருந்தன. 1962 இல் மோட்டன் ஹைலிக் காப்புரிமை பெற்ற ‘சென்சோராமா’ ஓர் இருக்கையும் கூண்டும் கொண்ட இயந்திரம். அமர்ந்தவருக்குக் காட்சியோடு காற்றையும் மணத்தையும் அதிர்வையும் அது வழங்கிற்று. 1970களில் மைரன் குரூகர் உருவாக்கிய ‘வீடியோபிளேஸ்’ கூடத்தினுள் நுழைந்தவர் எதனையும் அணியவில்லை. அவரது நிழலுருவைப் படப்பிடிப்புக் கருவி பற்றித் திரையில் வீழ்த்த, திரையிலிருந்த உருவங்கள் அவரது அசைவுக்கு மறுமொழி தந்தன. 1978 இல் எசெக்ஸ் பல்கலைக்கழக மாணவர்களான ரோய் ட்ரப்ஷோவும் ரிச்சட் பார்ட்டிலும் ஆக்கத் தொடங்கிய ‘மட்’ என்னும் விளையாட்டிலோ படம் என்பதே இல்லை. வெறும் எழுத்தைக் கொண்டே பலர் ஒரே கற்பனை உலகில் ஒருவரையொருவர் சந்தித்தனர்.

1992 இல் சிக்காகோவிலுள்ள இலினோய் பல்கலைக்கழகத்தார் சுவர்களிலும் தரையிலும் காட்சியை வீழ்த்தி ஓர் அறையையே உலகாக்கினர். பிளேட்டோவின் குகை உவமையை நினைவூட்டும் வகையில் ‘கேவ்’ என்று அதற்குப் பெயரிடப்பட்டது. மெல்லிய முப்பரிமாணக் கண்ணாடி அங்கும் வேண்டியிருந்தது உண்மையே; எனினும் அருகில் நின்றவரின் முகத்தை அது மறைக்கவில்லை. மெய்நிகரைக் கருவிகொண்டு வரையறுத்தல் பிழை என்றும், வேறோர் இடத்தில் இருப்பதான உணர்வுகொண்டே வரையறுத்தல் வேண்டும் என்றும் ஜொனதன் ஸ்ரூவர் என்ற தொடர்பாடல் ஆய்வாளர் எழுதியதும் அதே 1992 இலேயே. முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே இவ்வாறு தர்க்கிக்கப்பட்ட விடயம், இன்று யாரும் கேட்டிராத புதுவினாவாக விளம்பரப்படுத்தப்படுவது வியப்பிற்குரியது.

எதிர்வாதம் முற்றிலும் வலுவற்றதன்று. தலையைத் திருப்பினால் காட்சியும் உடன் திரும்பவேண்டும்; குனிந்தால் மேசையின் அடிப்புறம் தெரியவேண்டும். கைத்தொலைபேசித் திரையில் இது இயலாது. திரையின் விளிம்பு கணந்தோறும் ‘இது படம்’ என்று நினைவூட்டிக்கொண்டேயிருக்கும் என்பர் எதிர்வாதிகள். இது ஒப்புக்கொள்ளத்தக்கதே. இத்துறையின் ஆய்வாளருள் ஒருவரான மெல் ஸ்லேற்றர் 2009 இல் இரு மயக்கங்களைப் பிரித்துக் காட்டினார். ஒன்று, ‘நான் அவ்விடத்தில் இருக்கிறேன்’ என்னும் இட மயக்கம். மற்றையது, ‘இங்கு நிகழ்வது மெய்யாகவே நிகழ்கிறது, என் செயலுக்கு அது பதில் தருகிறது’ என்னும் நிகழ்ச்சி மயக்கம். முதலாவதைத் தலையணி பெரிதும் வளர்க்கும் என்பதில் ஐயமில்லை. இரண்டாவதைத் தலையணி தானே தந்துவிடாது. கதையும் விதியும், வீரர் செய்ததற்கு உலகம் காட்டும் எதிர்விளைவும் பொருந்தி வந்தாலன்றி, எவ்வளவு தெளிவான காட்சியும் அழகிய வெறுங்கூடமாகவே எஞ்சும். விளையாட்டு என்ற சொல்லுக்கு உயிர்நிலை இவ்விரண்டாவது மயக்கமே.

இது மேலைநாட்டு ஆய்வுகூடங்களிற் போய்க் கற்கவேண்டிய பாடமன்று. மட்டக்களப்பின் கண்ணகி வழிபாட்டோடு தொடர்புடைய கொம்புமுறி விளையாட்டை எண்ணுக. ஊர் இரண்டாகப் பிரிகின்றது. வடசேரியார் கோவலன் கட்சி. தென்சேரியார் கண்ணகி கட்சி. குடும்ப வழியாக வரும் இக்கட்சிப் பிரிவோடு அயலவர் எதிரெதிரே நிற்கின்றனர். வளைந்த இரு கொம்புகளைக் கொளுவி, கயிறு கட்டி இருபுறத்தாரும் இழுக்க, எவர் கொம்பு முறிகின்றதோ அவர் தோற்றவர். தோற்றவரை வென்றவர் வசைபாடுவர். கோவலனுமில்லை, கண்ணகியுமில்லை, இருப்பன இரு மரக்கொம்புகளே. ஆயினும் அவ்விளையாட்டில் எழுந்த உணர்ச்சி எத்துணை மெய்யானது எனில், வசை முற்றிக் கைகலப்பாக மாறிய சந்தர்ப்பங்களும் உண்டு. அங்கு எவர் கண்ணையும் எவரும் மூடவில்லை.

கூத்தும் இதற்குச் சான்று பகரும். வட்டக்களரியில் பார்வையாளர் நாற்புறமும் அமர்வர். அவர்கள் படத்தைப் பார்ப்பவரல்லர், உலகினுள் இருப்பவர். களரியில் மத்தளத்தோடு நிற்கும் அண்ணாவியாரின் கண் ஆடுபவரின் காலை விட்டு அகலாது. கால் தளர்ந்தால் மத்தளம் தாங்கும். வேகம் ஏறினால் மத்தளமும் ஏறும். வீரரின் செயலுக்கு உடனுக்குடன் பதில் தரும் உலகம் என்று கணினியாளர் எதனை வருணிக்கின்றனரோ, அதனை ஒரு மனிதரும் ஒரு தோற்கருவியும் விடியும்வரை நடத்துகின்றனர். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையிற் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலிய கூத்துக்களைப் படச்சட்ட மேடைக்குக் கொணர்ந்தமை கூத்துக்கு மதிப்பைத் தேடித் தந்தது. ஆனால் வட்டம் சட்டமானபோது, உள்ளே இருந்தவர் வெளியே இருந்து பார்ப்பவராயினர் என்ற குறையும் பின்வந்தோராற் பேசப்பட்டது. திரைக்கு முன் அமர்வதற்கும் உலகினுள் நிற்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றிய விவாதம் தமிழரங்கில் இவ்வாறு ஏற்கெனவே நடந்து முடிந்துள்ளது. அவ்வேறுபாட்டை ஆக்கியது களரியின் அமைப்பேயன்றித் தலையில் அணிந்த பொருளன்று.

இதனைக் கொண்டு, ‘கூத்தே மெய்நிகர், ஆகவே புதிதாக எதுவும் வேண்டா’ என்று பழம்பெருமை பேசி அமர்ந்துவிடுவதும் பிழையே. கணினி தரும் ஆற்றல் வேறு. அதன் பயனும் வேறு. கேள்வி யாதெனில், அவ்வாற்றலை எதற்காக, எவருக்காக, எவ்வடிவிற் பயன்படுத்துவது என்பதே. இக்கேள்விக்கு விடைகாணப் பொருத்தமான இடம் பனிச்சங்கேணி.

பெயரிலேயே பனிச்சை மரத்தையும் கேணியையும் தாங்கிய இவ்வூர், வாகரைப் பிரதேசத்திற் கடலுக்கும் களப்புக்கும் இடையில், மட்டக்களப்பு–திருகோணமலை வீதியில் அமைந்தது. கடலும் களப்பும் இவ்வூரார்க்குத் தொழில் தருவன. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி அவ்விரண்டுமே அவர்க்கு எமனாயின. சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் நடுங்கி ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தினுள் அலை கிழக்குக் கரையை அடைந்தது. இலங்கை முழுவதிலும் மாண்டவர் 30,000 இற்கும் மேற்பட்டோர். எச்சரிக்கை வந்திருப்பின், எத்திசையில் ஓடுவது என்பது தெரிந்திருப்பின், அவ்விரண்டு மணி நேரம் பல உயிர்களைக் காத்திருக்கும்.

அதன் பின்னர் 2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அனர்த்த முகாமைத்துவ நிலையம் அமைக்கப்பட்டது. இந்து சமுத்திர நாடுகள் 2009 முதல் காலத்துக்குக் காலம் கூட்டு ஒத்திகைகளை நடத்தி வருகின்றன. நிகழாத நிலநடுக்கம் நிகழ்ந்ததாகக் கொண்டு, வராத அலைக்குச் செய்தியனுப்பி, மக்களை நகர்த்திப் பார்க்கும் இவ்வொத்திகைகளும் மெய்நிகர் உலகங்களே. ஆயின் குறித்த நேரம் முன்கூட்டியே தெரிந்து, ஒலிபெருக்கி கேட்டதும் வரிசையாக நடந்து, கையெழுத்திட்டுத் திரும்பும் ஒத்திகை விளையாட்டாகாது. ஏன்? ஓடுபவர் எடுக்கும் முடிவுக்கு அவ்வுலகம் எவ்விதப் பதிலும் தருவதில்லை. பிழையான வழியிற் சென்றவரும் சரியான வழியிற் சென்றவரும் அங்கு ஒரே தேநீரைக் குடித்து வீடு திரும்புவர்.

இங்கேதான் மெய்நிகர் விளையாட்டின் தேவை எழுகின்றது. சாதாரண கைத்தொலைபேசி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு மாணவர் குழுவொன்று ஊரின் உண்மைத் தெருவிலேயே விளையாடலாம். ஒருவருக்கு நடக்க முடியாத பாட்டியின் பாத்திரம். ஒருவருக்குக் களப்பில் தோணியில் இருக்கும் தந்தையின் பாத்திரம். ஒருவருக்குப் பாடசாலைச் சிறுமியின் பாத்திரம். கடிகாரம் ஓடுகின்றது. ‘பாலம் அடைபட்டது’ என்று தொலைபேசி அறிவிக்கின்றது. குழு நின்று முடிவெடுக்கவேண்டும்: பாட்டியைச் சுமப்பதா, வண்டி தேடுவதா? தந்தைக்குச் செய்தி சொல்லக் கரைக்குத் திரும்புவதா, மேட்டை நோக்கி ஓடுவதா? ஒவ்வொரு முடிவுக்கும் அடுத்த செய்தி மாறுகின்றது. பிந்தியவர்க்கு ‘அலை உங்களைக் கடந்துவிட்டது’ என்ற ஒரு வரி வந்து சேர்கின்றது. அவ்வொரு வரி போதும். மறுநாள் அக்குழு மீண்டும் ஆடும், வழியை மாற்றும். கணினி இங்கு அண்ணாவியாரின் வேலையைச் செய்கின்றது.

இதே விளையாட்டைத் தலையணிக்குள் அடைத்தால் நிகழ்வது யாது? சந்தையில் மலிவானவற்றுள் ஒன்றாக 2024 இல் வெளிவந்த தலையணியின் அறிமுக விலை 300 அமெரிக்க டொலர். டொலர் ஒன்றுக்கு ஏறத்தாழ 300 ரூபா எனக் கொண்டால் வரியின்றியே 90,000 ரூபா. 2025 வரவு செலவுத் திட்டத்தில் உயர்த்தப்பட்ட மகாபொல உதவித்தொகை மாதம் 7,500 ரூபா. அஃதாவது, ஒரு பல்கலைக்கழக மாணவனின் பன்னிரண்டு மாத உதவித்தொகை ஒரு தலையணி. ஒருவர் அணிந்திருக்க மற்றையோர் வரிசையிற் காத்திருப்பர். மெற்றா நிறுவனம் தன் தலையணிக்கான வயதெல்லையை 2023 இல் 13 இலிருந்து 10 ஆகக் குறைத்தது. பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அது இன்றும் உரியதன்று. கடல் பொங்கும்போது முதலிற் கைபிடித்து இழுக்கப்படவேண்டியவர்களோ அப்பிள்ளைகளே. மேலும், கண் நகர்வதாகக் காண உட்காது அசைவில்லை என்று உணர, சிலருக்குத் தலைசுற்றும் குமட்டலும் ஏற்படுவது யாவரும் அறிந்தது.

இவற்றினும் பெரிய குறை ஒன்றுண்டு. பிறர் கையைப் பிடித்து ஓடக் கற்பிக்கவேண்டிய விளையாட்டு, பிறர் முகத்தை மறைத்துக்கொண்டு தொடங்குகின்றது. சீறிவரும் அலையைக் கண்முன் காட்டுவதே தலையணியின் பெருமை என்பர். பனிச்சங்கேணியில் அவ்வலையை எவருக்குக் காட்டுவது? முதியோர் அதனைக் கண்டவர்கள். அவர்களுக்கு அதனை மீண்டும் காட்டுவது கல்வியன்று, கொடுமை. பின்னர் பிறந்த பிள்ளைகளுக்கு வேண்டியது அலையின் தோற்றமன்று. தம் வீட்டு வாசலிலிருந்து மேட்டுக்குச் செல்லும் வழி. அவ்வழியைக் காலால் நடந்தே கற்கவேண்டும். அறைக்குள் நின்று கழுத்தைத் திருப்பிக் கற்றல் அதற்கு ஈடாகாது.

‘விலை குறையும்; பொறுத்திருங்கள்’ என்பது இறுதி வாதம். குறையலாம். 1995 இல் நிண்டென்டோவின் ‘வேர்ச்சுவல் போய்’ வந்தது, ஓராண்டளவில் மறைந்தது. 2014 இல் கூகிளின் அட்டைப்பெட்டித் தலையணி வந்தது. 2021 இல் அதன் விற்பனையும் நின்றது. ஒவ்வொரு முறையும் ‘இதோ வந்துவிட்டது’ என்ற குரல் எழுந்தது. அடுத்த கருவி நிலைக்கவும் கூடும். ஆனால் கடல், கருவியின் விலை குறையும்வரை காத்திருப்பதில்லை. 2012 ஏப்ரல் 11 ஆம் திகதி மீண்டும் சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் நடுங்கியபோது, இலங்கைக் கரையோர மக்கள் மீண்டும் ஓடினர். அன்று பேரலை வரவில்லை, அது நற்பேறு. நற்பேற்றை நம்பிப் பாடத்திட்டம் வகுத்தல் அறிவுடைமையாகாது.

அறுவைச் சிகிச்சைப் பயிற்சிக்கும் விமானமோட்டப் பயிலுதற்கும் கண்ணும் கழுத்தும் ஒருங்கே பயிலவேண்டியிருத்தலால், அங்கு தலையணிக்கு இடமுண்டு. அதனை எவரும் மறுக்கவேண்டியதில்லை. மறுக்கவேண்டியது, அதுவே வாயில் என்றும் மற்றைய யாவும் போலி என்றும் கூறும் ஆணவத்தையே. அவ்வாணவத்துக்குக் கலைப்பீடங்களும் துணைபோகின்றன. மெய்நிகர் என்றதும் ‘அது கணினித் துறையாரின் வேலை’ என்று ஒதுங்கிவிடும் தமிழ், வரலாறு, புவியியல், நாடகத்துறை மாணவர் தம் கையிலிருப்பதை அறியாதவராவர். உலகை ஆக்குவதற்கு வேண்டிய விதி, பாத்திரம், சொல், ஊரின் நிலவமைப்பு, முதியோரின் நினைவு ஆகிய யாவும் அவர்களது துறைகளில் உள்ளன. ஆய்வுகூடத்துக்குத் தலையணி வாங்கித் தருமாறு விண்ணப்பம் எழுதுமுன், ஒரு தொலைபேசியும் ஒரு வரைபடமும் கொண்டு பனிச்சங்கேணி வீதியில் ஒருநாள் நடக்கட்டும். அங்குள்ள பிள்ளைகளோடு முதலாவது ஆட்டத்தை ஆடிப் பார்க்கட்டும். அதன் பின்னரும் தலையணி தேவையெனத் தோன்றின், அப்போது விண்ணப்பம் எழுதலாம்.