உயிர் உரம் விவசாயி கைக்கு உயிரோடு வரணும்!

காஞ்சிபுரத்துல தறி இருக்கு. ஆனா பட்டு பெரும்பாலும் கர்நாடகாவிலிருந்தும் ஜரிகை சூரத்திலிருந்தும் வருது. மூலப்பொருள் அடுத்தவன் கையில இருந்தா விலையை யார் முடிவு பண்ணுவாங்கன்னு நம்ம நெசவாளர்களுக்குச் சொல்லித் தரணுமா? சமையல் எண்ணெயிலும் இப்போ அதே கதைதான். நாடு பயன்படுத்தும் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி. 2022 ஏப்ரலில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தினப்போ மளிகைக் கடையில என்ன ஆச்சுன்னு வீட்டுத் தாய்மார்களைக் கேளுங்க.

மத்திய அரசு 2024 அக்டோபரில் எண்ணெய் வித்துக்களுக்காக 10,103 கோடி ரூபாய் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. வரவேற்கிறோம். ஆனா உத்திரமேரூர், வாலாஜாபாத் பக்கம் வேர்க்கடலை போடுற விவசாயிக்கு முதல்ல தேவைப்படுறது 200 கிராம் பாக்கெட் ஒண்ணு. அதுதான் உயிர் உரம்.

வேர்க்கடலை வேர்முடிச்சுல ரைசோபியம் குடியிருந்தா, காத்துல இருக்கிற தழைச்சத்தை அதுவே பிடிச்சுக் கொடுக்கும். மணிச்சத்து விஷயம் வேற. மூட்டை 1,350 ரூபாய் கொடுத்துப் போடுற டிஏபியில் மணிச்சத்தின் பெரும்பகுதி மண்ணோடு ஒட்டிக்கிட்டு, அந்தப் பருவத்தில் பயிருக்குக் கிடைக்காமலே போகுது. பாஸ்போபாக்டீரியா அமிலம் சுரந்து அதைக் கரைச்சு வேருக்குக் கொடுக்கும். எள்ளுக்கு இந்த வேர்முடிச்சு கிடையாது, அதனால அதுக்கு ரைசோபியத்துக்குப் பதிலா அசோஸ்பைரில்லம்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வேர்க்கடலைக்குச் சொல்லும் கணக்கு: ஒரு ஹெக்டேர், அதாவது ரெண்டரை ஏக்கர் விதைக்கு ரைசோபியம் 3 பாக்கெட், பாஸ்போபாக்டீரியா 3 பாக்கெட். ஆறின அரிசிக் கஞ்சியில் கலந்து, பருப்பின் தோல் உரியாம மெதுவா புரட்டி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி விதைக்கணும். பூஞ்சாணக் கொல்லி கலக்கிறவங்க அதை முந்தின நாளே முடிச்சிடணும், ரெண்டையும் ஒண்ணாப் போட்டா பாக்டீரியா செத்துடும்.

பிரச்சினையே இங்கதான். இது உப்பு மூட்டை இல்ல, உயிர். உயிர் உரத்தை 2006-லேயே உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டு வந்தாச்சு. தூள் வடிவ ரைசோபியம்னா ஒரு கிராமில் குறைஞ்சது 5 கோடி உயிருள்ள பாக்டீரியா இருக்கணும். தகரக் கூரை குடோன்ல சித்திரை வெயில்ல கிடந்த பாக்கெட்டில் எத்தனை கோடி மிஞ்சும்? அது வெறும் நிலக்கரித் தூள். விதைச்சு முடிச்ச பிறகு வந்து சேர்ற பாக்கெட்டும் அப்படித்தான், மானியக் கணக்குல மட்டும் பளபளன்னு இருக்கும்.

அதனால நாம கேட்கிறது ரொம்பச் சின்ன விஷயம். மார்கழிப் பட்டத்துக்குக் கார்த்திகையிலேயே, மாசி எள்ளுக்குத் தையிலேயே சரக்கு வேளாண் விரிவாக்க மையத்துக்கு வந்திருக்கணும். வெயில் படாத இடத்தில் வைக்கணும். விற்பனைக்கு வந்த சரக்கிலிருந்து மாதிரி எடுத்துச் சோதிச்சு, முடிவை அந்த மையத்தின் பலகையிலேயே ஒட்டணும். கூடுதல் நிதி கூட அதிகம் வேண்டாம், அக்கறை இருந்தாப் போதும்.

ரசாயன உரத்தை நாளைக்கே நிறுத்துன்னு நாம சொல்லல. 2021-ல் இலங்கை ஒரே உத்தரவுல இறக்குமதியைத் தடை பண்ணி, அந்த வருஷமே பின்வாங்கின கதை எல்லாருக்கும் தெரியும். மண் பரிசோதனைப்படி உரமும் போடுங்க, 40-45ஆம் நாள் மண் அணைக்கும்போது ஜிப்சமும் போடுங்க. யூரியாவை மட்டும் அள்ளிக் கொட்டாதீங்க, தழைச்சத்து கூடினா வேரில் முடிச்சு சரியா வைக்காது.

வேர்க்கடலை போட்டிருக்கிற தோழர்கள், விதைச்சு ஒரு மாசம் கழிச்சு ரெண்டு மூணு செடியை வேரோட தோண்டி எடுத்து முடிச்சைக் கிள்ளிப் பாருங்க. உள்ளே இளஞ்சிவப்பா இருந்தா வேலை நடக்குது. வெளுத்துப் போயிருந்தாலோ முடிச்சே இல்லைன்னாலோ, பாக்கெட்டில் உள்ள தயாரிப்புத் தேதியும் தொகுதி எண்ணும் தெரியுற மாதிரி போட்டோ எடுத்து, உதவி வேளாண்மை அலுவலரிடம் எழுத்துப்பூர்வமா மனு கொடுங்க. மனுவின் நகலை நம்ம ஒன்றிய நிர்வாகிகளிடமும் சேர்த்துடுங்க.

#உயிர்உரம் #காஞ்சிபுரம்