புள்ளிகளும் பிள்ளைகளும்: காதுநோயில் வாழ்க்கைத்தர அளவீடு பற்றிய ஒரு விவாதம்

நோயை அளப்பது ஒன்று. நோயாளியின் வாழ்வை அளப்பது மற்றொன்று. உடல், உள, சமூக நலன்கள் நிறைந்திருக்கும் நிலையே ஆரோக்கியம் என்றும், நோயின்மை மட்டும் ஆரோக்கியமாகிவிடாது என்றும் 1948 இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் அமைப்புவிதி வரையறுத்தது. 'வாழ்க்கைத் தரம்' என்னும் எண்ணக்கரு மருத்துவ ஆய்வுகளுள் இடம்பெற்றமைக்கு அவ்வரையறை வழிகோலியது எனலாம். அது ஒரு முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆயின், நல்லதொரு சொல் ஆய்வேடுகளுட் புகுந்தவுடன் அச்சொல் குறிக்கும் பொருளும் உடன் புகுந்துவிட்டதாகக் கொள்வது பெருந்தவறாகும். அடுத்தடுத்துக் காது அழற்சிக்கு ஆளாகும் குழந்தைகள் தொடர்பாக இன்று வழக்கிலுள்ள அளவீடுகளை நுணுகி நோக்கின், அளக்கப்படுவது ஒன்றாகவும் அளந்ததாக உரிமை கோரப்படுவது வேறொன்றாகவும் இருத்தல் புலனாகும்.

முதற்கண் நோயின் இயல்பைச் சுருங்கக் கூறுதல் அவசியமாகும். நடுச்செவியை மூக்கின் பின்புறத்தோடு இணைக்கும் ஊத்தேக்கியாவின் குழாய் குழந்தைப் பருவத்தில் நீளம் குறைந்ததாயும் கிடைநிலையை அண்மியதாயும் அமைந்துள்ளது. எனவே தடிமன் பிடித்த குழந்தையின் நடுச்செவியைக் கிருமிகள் எளிதிற் சென்றடைகின்றன. 6 மாதங்களுள் 3 தடவையோ, 12 மாதங்களுள் 4 தடவையோ இவ்வழற்சி ஏற்படின் அதனை மீள்வரும் நோயென மருத்துவர் கொள்வர். குழந்தை வளர வளர, பெரும்பாலானோரில் நோய் தானாகவே தணிந்துவிடும். இவ்வியல்பு பின்வரும் வாதத்துக்கு அடிப்படையாதலின் மனங்கொள்ளத்தக்கது.

தணியும் நோய்தானே என்று அதனைப் புறக்கணித்தலும் ஆகாது. குழந்தையும் தாயும் உறக்கமிழக்கும் இரவுகள், தடைப்படும் தொழில், திரும்பத் திரும்ப உட்கொள்ளும் நுண்ணுயிர்கொல்லி மருந்துகள், பேச்சுக் கற்கும் பருவத்திலேயே மங்கும் கேள்வி ஆகியன அழற்சி எத்தனை முறை வந்தது என்று எண்ணுவதால் மட்டும் வெளிப்படுவன அல்ல. இக்குறையை நிவிர்த்தி செய்யவே 1997 இல் நியூயோர்க்கைச் சேர்ந்த மருத்துவர் றிச்சர்ட் றொசன்பெல்டும் அவர்தம் சகாக்களும் ஓ.எம்.-6 என்னும் வினாக்கொத்தை வெளியிட்டனர். உடல் வேதனை, கேள்விக் குறைவு, பேச்சுக் குறைபாடு, மனத்துயர், செயற்பாடுகள் தடைப்படல், பராமரிப்பவரின் கவலை என ஆறு கூறுகள் அதில் உள. கடந்த 4 வாரங்களை மனத்திற்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரையிலான புள்ளியைப் பெற்றோர் இடுவர். சில நிமிடங்களுள் நிரப்பத்தக்க எளிமையே அதன் சிறப்பு. அவ்வெளிமையே அதன் ஆபத்துமாகும்.

இங்கு எழும் முதல் வினா, பேசுவது யார் என்பதாகும். 6 மாதம் தொடக்கம் 12 வயது வரையான பிள்ளைகளுக்கென அமைந்த இவ்வினாக்கொத்தில் பிள்ளையின் குரல் ஓரிடத்தேனும் ஒலிப்பதில்லை. மழலைக்குத் தாய் பேசுவது தவிர்க்க இயலாதது. ஆனால் பள்ளி சென்று, பாடம் படித்து, தோழரோடு விளையாடும் 10 வயதுப் பிள்ளைக்கும் தாயே பேச வேண்டுமா? ஜேம்ஸ் வார்னி என்னும் உளவியலாளர் உருவாக்கிய குழந்தைகளுக்கான பொது வினாக்கொத்து, 5 வயது தொடங்கிப் பிள்ளையிடமே வினவும் படிவத்தைக் கொண்டுள்ளது. கேட்டால் பிள்ளைகள் கூறுவர் என்பதற்கு அதுவே சான்று.

மேலும், ஆறு கூறுகளுள் ஒன்று வெளிப்படையாகவே பராமரிப்பவரின் கவலையாகும். தாயின் கவலை மதிக்கத்தக்கதே. அதனை அளப்பதும் தக்கதே. ஆயின் அதனைப் பிள்ளையின் வேதனையோடு கூட்டி, ஆறால் வகுத்து, வரும் ஈவுக்குப் 'பிள்ளையின் வாழ்க்கைத் தரம்' எனப் பெயரிடுவது எவ்வகைக் கணிதம்? பெற்றோர் கூற்று கருவிகொண்டு பெறும் அளவுக்கு ஈடாகாது என்பதற்கும் சான்றுண்டு. பெற்றோர் மதிப்பிட்ட கேள்வித் திறனுக்கும் கேள்விச் சோதனை காட்டிய அளவுக்கும் இடையே தொடர்பு மிகச் சொற்பமே என 1998 இல் றொசன்பெல்டும் அவர் துணைவருமே எடுத்துக்காட்டினர். ஆக்கியோர் நேர்மையுடன் உணர்த்திய வரம்பைப் பயன்படுத்துவோர் மறந்தமையே இங்குக் கண்டனத்துக்குரியது.

இரண்டாவது வினா, எதனோடு ஒப்பிடுவது என்பது. செவிப்பறையில் நுண்குழாய் பொருத்தும் சத்திரசிகிச்சை குழந்தைகளுக்குப் பெரும்பாலும் முழு மயக்க மருந்து கொடுத்தே செய்யப்படுகின்றது. 2000 ஆம் ஆண்டில் வெளிவந்த றொசன்பெல்டின் ஆய்வு, இச்சிகிச்சை பெற்ற 248 குழந்தைகளுள் ஏறத்தாழ 5 இல் 4 பங்கினரின் புள்ளிகள் சீரடைந்தன எனக் கண்டது. சத்திரசிகிச்சைக்கு முற்பட்ட காத்திருப்புக் காலத்தில் மாற்றம் சொற்பமே என்றும் அவ்வாய்வு காட்டியது. இவ்வெண்கள் பெற்றோர்க்கும் மருத்துவர்க்கும் ஒருங்கே நம்பிக்கையூட்டின. எனினும், சிகிச்சை பெறாது அதே காலத்தைக் கழித்த குழந்தைகள் எவரும் ஒப்பீட்டுக்கு நிறுத்தப்படவில்லை.

அத்தகைய ஒப்பீட்டைப் பின்லாந்தின் ஊலு நகர ஆய்வாளர் செய்தனர். மீள்வரும் அழற்சியுடைய, 10 மாதம் முதல் 2 வயது வரையான 300 குழந்தைகளை அவர்கள் எழுமாறாக மூன்று குழுக்களாகப் பிரித்தனர். ஒரு குழுவினர்க்கு நுண்குழாய் பொருத்தப்பட்டது. மற்றொரு குழுவினர்க்கு அதனுடன் அடினோயிட்டும் அகற்றப்பட்டது. மூன்றாம் குழுவினர்க்குச் சத்திரசிகிச்சை இல்லை. 2012 இல் வெளியான முடிவுகளின்படி, நோய் தொடர்ந்து சிகிச்சை தோல்வியுற்றோர் சத்திரசிகிச்சை பெறாத குழுவில் 34 வீதத்தினர். ஏனைய இரண்டிலும் முறையே 21, 16 வீதத்தினர். நோய் குறைந்தது உண்மை. ஆயின் 2014 இல் வாழ்க்கைத்தரப் புள்ளிகளை அவர்கள் வெளியிட்டபோது, மூன்று குழுவினரும் ஓராண்டில் முன்னேறியிருந்தனர். குழுக்களிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

நெதர்லாந்திலும் இதுவே நிகழ்ந்தது. மீள்வரும் அழற்சியுடைய 383 குழந்தைகளிடம் நியூமோகொக்கஸ் தடுப்பூசியைப் பரிசோதித்து 2005 இல் வெளியிடப்பட்ட ஆய்வில், தடுப்பூசி பெற்றோரின் வாழ்க்கைத் தரமும் உயர்ந்தது. வேறு ஊசி பெற்ற கட்டுப்பாட்டுக் குழுவினரின் வாழ்க்கைத் தரமும் அவ்வாறே உயர்ந்தது.

இதன் காரணம் மறைபொருளன்று. தாய் பிள்ளையை மருத்துவரிடம் கொண்டுசெல்வது துன்பம் உச்சமடைந்த வேளையிலாகும். உச்சத்தில் எடுத்த அளவைப் பின்னர் எடுக்கும் அளவோடு ஒப்பிட்டால், எதுவும் செய்யாவிடினும் சரிவே தென்படும். ஆண்டுக்கு நான்கு தடவை வரும் நோயை 4 வார நினைவைக்கொண்டு அளந்தால் நோயற்ற இடைவெளியே அகப்படவும் கூடும். இவற்றோடு பிள்ளை வளர்ந்தும்விடுகிறது. காலம் செய்த நன்மையைக் கத்தியின் கணக்கில் எழுதுவது அறிவியலாகாது. நியூயோர்க், ஊலு ஆய்வுகளின் நோயாளர் முற்றும் ஒரே தன்மையினர் அல்லர் என்பது உண்மையே. நடுச்செவியில் நெடுங்காலம் நீர் தங்கிய பிள்ளைகளுக்கு நுண்குழாய் வேறு வகையிற் பயன்படலாம். ஆயின், ஒப்பீட்டுக் குழுவற்ற புள்ளி உயர்வை மட்டும் சுட்டிச் சத்திரசிகிச்சைக்குப் பரிந்துரைப்பதற்கு அது நியாயமாகாது.

மூன்றாவது வினாவே யாவற்றினும் பாரதூரமானது. நோய் வாழ்வின் வழமையாகிவிட்ட இடத்தில் இவ்வளவுகோல் எதனைக் காட்டும்? வட, மத்திய அவுஸ்திரேலியாவின் ஒதுக்குப்புறங்களிலுள்ள 29 ஆதிக்குடிச் சமூகங்களில், 6 முதல் 30 மாத வயதினரான 709 குழந்தைகளைப் பரிசோதித்த ஆய்வொன்று 2005 இல் வெளிவந்தது. அவர்களுள் 91 வீதத்தினரிடம் ஏதோவொரு வகை நடுச்செவி நோய் காணப்பட்டது. 15 வீதத்தினரின் காதுகளில் செவிப்பறை துளைபட்டு நாட்பட்ட சீழ் வடிந்தது. அத்தகைய சீழ்நோய் ஒரு சமூகத்தில் 4 வீதத்தை மீறினாலே அது உடனடிக் கவனத்துக்குரிய பாரிய சுகாதாரப் பிரச்சினை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

அங்கு நோய் பெரும்பாலும் கடும் நோவின்றியே வந்து நிலைகொள்கின்றது. அழாத பிள்ளையின் காது பழுதுற்றிருப்பதைத் தாய் எங்ஙனம் அறிவாள்? சுற்றியுள்ள பிள்ளைகள் யாவர்க்கும் காது வடியுமிடத்து, தன் பிள்ளையின் காது வடிதலை அவள் எதனோடு ஒப்பிட்டுப் 'பெரும் பிரச்சினை' எனக் குறிப்பாள்? அத்தாயிடம் அதே வினாக்கொத்தை நீட்டினால், நகரத்து வசதி படைத்த தாய் இடும் புள்ளியினும் குறைந்த புள்ளியை அவள் இடுதல் கூடும். துன்பம் மிக்க இடத்தில் 'வாழ்க்கைத் தரம்' உயர்ந்து தோன்றும் விபரீதம் அப்போது நேரும். நெருக்கடி மிகுந்த வீடுகள், வறுமை, எட்டாத வைத்திய வசதி என்பனவே அந்நோயின் வேர்கள். ஆறு கூறுகளுள் ஒன்றேனும் அவ்வேர்களைத் தொடுவதில்லை. முறையிடப் பழகியோரின் குரலைப் பெருக்கி, முறையிடுவதாற் பயனில்லை எனக் கண்டோரின் மௌனத்தை நலமென எண்ணும் அளவுகோல் நடுநிலையான அளவுகோலாகாது.

குறைபாடுடைய அளவுகோலும் இல்லாமையினும் மேலானதே என்று சிலர் வாதிடுவர். அது நுணுகி நோக்கத்தக்க வாதமே. காய்ச்சலையும் அழற்சியின் தடவைகளையும் மட்டுமே எண்ணிய பழைய வழிக்கு மீளவேண்டுமென இங்குக் கூறப்படவில்லை. ஒரு குறிப்பிட்ட பிள்ளையின் தொல்லைகளைத் தாயிடம் ஒழுங்காகக் கேட்டறிய ஓ.எம்.-6 நல்ல துணையாகும். அதற்குரிய பெயர் 'பெற்றோர் கூறும் காதுத்தொல்லை அளவு' என்பதே. பெயரில் என்ன இருக்கிறது என்று அமைதிகொள்ளல் தகாது. பெயரே அதிகாரத்தை வழங்குகிறது. 'வாழ்க்கைத் தரம் உயர்ந்தது' என்னும் வாக்கியத்தைப் படிக்கும் தந்தை தன் பிள்ளையைச் சத்திரசிகிச்சைக்கு ஒப்படைக்கிறான். 'வாழ்க்கைத் தரத்தில் வேறுபாடில்லை' என்னும் வாக்கியத்தைப் படிக்கும் நிருவாகி பணத்தை மறுக்கிறான். இருவரும் தாம் படித்தது பிள்ளையின் வாழ்வைப் பற்றியதென்றே நம்புகின்றனர்.

பிறநாட்டு வினாக்கொத்தைத் தமிழில் பெயர்த்துப் பயன்படுத்த முனையும் மாணவர்க்கும் இது பொருந்தும். சொல்லைப் பெயர்த்தல் எளிது. அச்சொல் எழுந்த வாழ்நிலையைப் பெயர்த்தல் அரிது. பாட்டியும் பெரியம்மாவும் சேர்ந்து பிள்ளையைப் பார்க்கும் வீட்டில் 'பராமரிப்பவர்' யார்? கவலையைப் பிறர்முன் கூறுவதே குறைவெனக் கருதும் தாய் 7 என்னும் எண்ணைத் தொடுவாளா? இவ்வினாக்களுக்கு விடை காணாது புள்ளிகளைத் திரட்டி அட்டவணையிடுவது ஆய்வின் தோற்றத்தைத் தருமேயன்றி ஆய்வாகாது.

எனவே, வாழ்க்கைத் தரத்தை அளந்ததாகக் கூற விழையும் ஆய்வு சில கடமைகளை ஏற்றாக வேண்டும். சிகிச்சை பெறாதோரை ஒப்பிட்டுக் காட்டல் வேண்டும். கேள்வித் திறனைக் கருவியால் அளத்தல் வேண்டும். பேசவல்ல பிள்ளையைப் பேசவிடல் வேண்டும். தாயின் கவலையைத் தனியே பதிந்து, தாயின் பெயரிலேயே வெளியிடல் வேண்டும். அழற்சி மூளும் வாரங்களையும் ஓயும் வாரங்களையும் உள்ளடக்கும் நீண்ட காலக் கணக்கு வேண்டும். யாவற்றினும் மேலாக, பிள்ளை வாழும் வீட்டையும் சூழலையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும். இவற்றைச் செய்ய இயலாத ஆய்வு, தான் அளந்தது காதுத்தொல்லையை மட்டுமே எனப் பணிவுடன் எழுதட்டும். அப்பணிவு அறிவியலுக்கு இழுக்கன்று. பிள்ளையின் வாழ்வு ஆறு வினாக்களுள் அடங்காது என ஒப்புக்கொள்பவரே ஏழாவது வினாவை எழுப்பத் தகுதியுடையவர்.