பழைய காருக்குள் ஒரு தவில்

விற்பவர் சொல்லாமல் விட்டதைக் கார் சொல்லிவிடும். என்ன, பணம் கைமாறி இரண்டு வாரம் ஆன பிறகுதான் சொல்லும். தில்லி கரோல் பாக்கின் பழைய கார் கடைகளில் மெருகேற்றி நிறுத்தியிருக்கும் வண்டி, கடைத்தெருவை ஒரு சுற்று சுற்றிவரும்வரை சாதுவாகத்தான் இருக்கும். முதல் தடவையாக நெடுஞ்சாலையில் ஏறி, வேகமானியின் முள் 60ஐத் தொடும்போது தரைக்கடியிலிருந்து கிளம்பும் அந்தச் சத்தம். தூரத்துக் கல்யாண வீட்டில் யாரோ தவிலைத் தட்டிப் பார்ப்பதுபோல. கண்ணாடியை ஏற்றினாலும் அடங்காது. ரேடியோவைக் கூட்டினால் கேட்காது, அவ்வளவுதான்.

அடுத்து நடப்பது பல வீடுகளுக்குப் பழக்கமான கதை. முதல் ஒர்க்‌ஷாப்பில் "வீல் பேரிங் போச்சு" என்பார்கள். மாற்றுவார்கள். சத்தம் போகாது. இரண்டாவது இடத்தில் டயர் என்பார்கள். நான்கும் புதிதாக வரும். சத்தம் ஒரு மாதம் ஓய்வெடுத்துக்கொண்டு திரும்பி வரும். மூன்றாவது இடத்தில் ஷாக் அப்சார்பர். இவர்களில் யாரும் பொய் சொன்னதாகச் சொல்ல முடியாது. ஊகித்தார்கள். ஊகத்துக்கான பில் மட்டும் காரின் சொந்தக்காரருக்கு.

தவறு முதல் கேள்வியிலேயே தொடங்கிவிடுகிறது. "சத்தம் எங்கிருந்து வருகிறது?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். மூடிய காருக்குள் இந்தக் கேள்விக்குக் காது நம்பகமான சாட்சி அல்ல. காரின் உடல் முழுக்கப் பற்றவைத்த தகரப் பெட்டி. முன் சக்கரத்தில் பிறக்கும் அதிர்வு தரைத்தகடு வழியாக ஓடிப் பின் இருக்கைக்கு அடியில் ஒலிக்கும். அனுபவமுள்ள மெக்கானிக்குகள் வேறு கேள்வி கேட்பார்கள்: "எப்போது வருகிறது?" எந்த வேகத்தில், எந்தத் திருப்பத்தில், எந்தச் சாலையில்? இந்தப் பதில்களைச் சேகரிக்க ஸ்பானர்கூடத் தேவையில்லை.

அதற்கு முன்னால் ஓர் எச்சரிக்கை. டயர் மாற்றியோ பஞ்சர் ஒட்டியோ வந்த அன்றே சத்தம் தொடங்கியிருந்தால் ஆராய்ச்சி எதுவும் வேண்டாம். ஓரமாக நிறுத்தி, சக்கர நட்டுகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். தளர்ந்த நட்டும் முதலில் தவில்தான் வாசிக்கும். பிறகு சக்கரமே கழன்று ஓடும்.

நட்டுகள் சரியாக இருந்தால் முதல் சோதனை, நின்ற இடத்திலேயே. கியரை நியூட்ரலில் போட்டு, ஆக்ஸிலரேட்டரை மெல்ல அழுத்திப் பார்க்க வேண்டும். வண்டி நகராமலே சத்தம் கேட்டால் சக்கரங்கள் நிரபராதிகள். குற்றவாளி இன்ஜின் பக்கம் இருக்கிறது. இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங் கிழிந்திருந்தால் அதன் துடிப்பு நேராக உடலுக்குள் இறங்கும். சைலன்சரைத் தொங்கவிட்டிருக்கும் ரப்பர் வளையம் அறுந்திருந்தால் குழாய் தரைத்தகட்டைத் தட்டும். குழாயிலேயே ஓட்டை இருந்தால் அதுவும் தடதடக்கும். கடைசியாகச் சொன்னதை வெறும் சத்தமாக எண்ணித் தள்ளிப்போடக் கூடாது. புகைக்குழாயில் கசியும் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. துருப்பிடித்த தரைத்தகட்டின் வழியே அது உள்ளே நுழைந்தால், கண்ணாடி ஏற்றிய காரில் தூங்கும் குழந்தைக்குத் தலைவலி என்று சொல்லக்கூடத் தெரியாது.

நிற்கும்போது சத்தம் இல்லையென்றால் இரண்டாவது சோதனை. போக்குவரத்து இல்லாத நேரான சாலையில், சத்தம் வரும் வேகத்தை எட்டியதும் நியூட்ரலுக்கு மாற்றி வண்டியை உருளவிட வேண்டும். (இன்ஜினை அணைக்கக் கூடாது. அணைத்தால் பிரேக்குக்கும் பவர் ஸ்டீயரிங்குக்கும் கிடைக்கும் உதவி போய்விடும், ஸ்டீயரிங்கே பூட்டிக்கொள்ளவும் கூடும்.) இன்ஜின் வேகம் இறங்கியதும் சத்தமும் இறங்கினால் சந்தேகம் இன்ஜின், கிளட்ச் பக்கம் திரும்புகிறது. இன்ஜின் அமைதியான பிறகும் அதே தவில் தொடர்ந்து, வண்டி மெதுவாக மெதுவாக அதுவும் மெதுவானால், சாலையோடு சேர்ந்து சுற்றும் ஏதோ ஒன்று: டயர், பேரிங், பிரேக் டிரம் அல்லது ஆக்ஸில். 2014இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசடர் போல பின்சக்கரத்தை இயக்கும் வண்டிகளில் பட்டியல் இன்னும் ஒன்று நீளும். நடுவே ஓடும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டும் அதன் யூனிவர்சல் ஜாயின்ட்டும். கியர் மாற்றும்போது 'டங்' என்று ஒரு தட்டலும் சேர்ந்து கேட்டால் அங்கேதான் பார்க்க வேண்டும்.

சுற்றுவது எது என்று பிரிக்கக் கொஞ்சம் கணக்கு உதவும். சிறிய கார் டயரின் சுற்றளவு ஏறக்குறைய 1.7 மீட்டர். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் அது நொடிக்கு சுமார் 10 தடவை சுற்றும். 20 கி.மீ. வேகத்தில் மூன்று தடவை. டயரில் ஒரே ஓர் இடத்தில் வீக்கம் இருந்தால், 20இல் அது எண்ணக்கூடிய தனித்தனி அடிகளாகக் கேட்கும். 60இல் அடிகள் ஒன்றோடொன்று கலந்து உருட்டுச் சொல்லாகிவிடும். பேரிங் அப்படியல்ல. அதற்குள் பல குண்டுகள் உருளுகின்றன. ஓடுபாதையில் விழுந்த ஒரு குழியை ஒவ்வொரு குண்டும் கடந்து போகிறது. அதனால் அது தட்டுவதில்லை, உறுமும். தூரத்தில் விமானம் போவதுபோல. மெதுவான வேகத்தில் எண்ண முடிந்தால் முதல் சந்தேகம் டயர். எண்ண முடியாமல் உறுமினால் பேரிங்.

இந்தச் சந்தேகத்தை உறுதிசெய்ய மூன்றாவது சோதனை, திருப்பம். அகலமான காலிச் சாலையில் மிதமான வேகத்தில் வண்டியை மெல்ல வலப்பக்கம் வளைத்தால் எடை இடப்பக்கச் சக்கரங்கள்மீது சாயும். அப்போது உறுமல் கூடி, இடப்பக்கம் வளைக்கும்போது குறைந்தால், இடப்பக்கப் பேரிங் என்று சொல்லலாம். டயர் சத்தம் திருப்பத்துக்கு அவ்வளவாக அசையாது. அது மதிப்பது சாலையை. 2012இல் திறக்கப்பட்ட யமுனா எக்ஸ்பிரஸ்வே முழுக்க கான்கிரீட். அதில் உரக்க இரைந்த வண்டி, இறங்கித் தார்ச்சாலைக்கு வந்ததும் குரலைத் தாழ்த்தினால் கவலை பேரிங்கைப் பற்றியல்ல.

பிறகு வண்டியை நிறுத்தி, கையால் கேட்க வேண்டும். டயரின் மேல்பரப்பில் உள்ளங்கையை முன்னும் பின்னுமாக ஓட்டிப் பார்த்தால், நல்ல டயர் இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். ஒரு பக்கம் வழுக்கி மறுபக்கம் ரம்பம்போல் பிராண்டினாலோ, மேடும் பள்ளமுமாக அலையடித்தாலோ, தவிலின் தோல் அகப்பட்டுவிட்டது. ஆனால் வாசித்தவர் வேறு. வலுவிழந்த ஷாக் அப்சார்பரால் சக்கரம் சாலையில் குதித்துக் குதித்து ஓடியிருக்கிறது. அல்லது அலைன்மென்ட் பிசகியிருக்கிறது. பானெட்டின் மூலையை அழுத்திவிட்டால் வண்டி எழுந்து அடங்க வேண்டும். ஊஞ்சலாடினால் ஷாக் அப்சார்பர் ஓய்வு கேட்கிறது என்று பொருள். அதை விட்டுவிட்டுப் புது டயர் போட்டவர்களுக்குத்தான் சத்தம் சில மாதங்களில் திரும்பி வருகிறது. முன் டயர்களைப் பின்னாலும் பின் டயர்களை முன்னாலும் மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்ப்பதும் நல்ல சோதனை. சத்தத்தின் குணம் மாறினால் டயர்தான்.

ஓரிடத்தில் மட்டும் புடைப்பு தெரிந்தால் விஷயம் வேறு. உள்ளே கம்பிப்பட்டை பிரியத் தொடங்கியிருக்கிறது. அந்த டயர் வீடுவரைகூடப் போகக் கூடாது. அங்கேயே ஸ்டெப்னி மாற்ற வேண்டும். ஸ்டெப்னியின் வயதையும் பார்த்துக்கொள்வது நல்லது. டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரம், பின் இரண்டு வருடம். 2314 என்றால் 2014ஆம் வருடம் 23ஆம் வாரம் செய்தது. தேயாத கோடுகளைக் காட்டி விற்கப்படும் டயர், ரப்பர் இறுகிப்போன கிழமாகவும் இருக்கலாம்.

பேரிங் என்று தெரிந்தால் ஜாக்கியில் தூக்கி உறுதி செய்துகொள்ளலாம். சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரியும். ஒரு கையால் சுழற்றி, மறு கையைச் சுருள்வில்மீது வைத்தால் கரகரப்பு விரலில் ஏறும். பழைய ஆட்கள் நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் முனையை இரும்பில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பார்கள். ஏழை ஊரின் ஸ்டெதஸ்கோப். புதுப் பேரிங்கைப் பிரஸ் மெஷினில் அழுத்தித்தான் ஏற்ற வேண்டும். சுத்தியலால் அடித்து ஏற்றினால், உள்ளே அன்றே குழி விழுந்து, புதிய பேரிங் சீக்கிரமே பழைய பாட்டைப் பாடும்.

எல்லாத் தவிலும் செலவு வைப்பதில்லை. ஒரே ஒரு பின் கண்ணாடியை இறக்கி ஓடும்போது காதை அமுக்குவதுபோல் 'வப் வப்' என்றால், அது காற்று. காலி பாட்டிலின் வாயில் ஊதுவதும் இதுவும் ஒன்றே. இன்னொரு கண்ணாடியை இரண்டு விரல் இறக்கினால் போய்விடும். மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்ற வண்டியில் டயர் தட்டையாகி, ஓடி சூடேறியதும் சரியாவதும் உண்டு. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து வாரக்கணக்கில் வண்டியை எடுக்காதவர்கள் பலர் இதைக் கேட்டிருப்பார்கள்.

இன்னொரு வகைச் சத்தம் வண்டியின் ஜாதகத்தையே சொல்லும். குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் கூரை அதிர்ந்து, அதைத் தாண்டினால் நின்றுவிடுகிறது. பக்கத்தில் இருப்பவர் கூரையை உள்ளங்கையால் அழுத்தினால் அடங்குகிறது. தகட்டின் பின்னால் ஒட்டியிருக்கும் அதிர்வடக்கும் தார் அட்டை இல்லை என்று பொருள். தகட்டை அடித்து நிமிர்த்திப் பெயின்ட் அடித்த யாரோ அதைத் திரும்ப ஒட்டவில்லை. 'ஆக்சிடென்டே இல்லை சார்' என்ற வாக்குமூலத்தை இன்னொரு முறை விசாரிக்க வேண்டிய இடம் இது. ஒரே நேரத்தில் பல பேரிங்குகள் உறுமினால் வேறு சந்தேகம் வரும். மும்பை சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. மழை கொட்டிய 2005 ஜூலை 26 போன்ற நாள்களில் சக்கரம் மூழ்க நின்ற கார்கள் கணக்கில்லை. நீர் புகுந்த பேரிங்கில் கிரீஸ் கெட்டு, துரு அரித்து, மாதங்கள் கழித்துத்தான் குரல் எழும்பும். அதற்குள் வண்டி ஊர் மாறியிருக்கலாம்.

ஊர் மாறுவது அபூர்வமும் அல்ல. தில்லியில் 10 வருடம் தாண்டிய டீசல், 15 வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டிகள் மீதான தடையை 2018இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தபோது, தலைநகரின் வயதான கார்கள் வேறு மாநிலங்களுக்குக் கிளம்பின. வாங்கியவர்களுக்குக் கிடைத்தது குறைந்த விலையும் சுத்தமான ஆர்.சி. புத்தகமும். எந்த வெள்ளத்தில் நின்றது, எந்த லாரியில் இடித்தது என்பதற்கு அந்தப் புத்தகத்தில் பக்கம் இல்லை. சாட்சி சொல்ல மிஞ்சியது சத்தம் மட்டும்.

அதனால்தான் கேட்க வேண்டிய நேரம் பணம் கொடுப்பதற்கு முன்பு. விற்பவர் ஓட்டிப் பார்க்கச் சாவி தரும்போது பாட்டும் ஏ.சி.யும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். விருந்தோம்பலாகவும் இருக்கலாம். இரண்டையும் அணைத்து, கண்ணாடிகளை ஏற்றி, 60 கி.மீ. வேகம் கிடைக்கும் சாலையில் 20 நிமிடமாவது ஓட்ட வேண்டும். நிறுத்தி ஒரு முறை, உருளவிட்டு ஒரு முறை, வளைத்து ஒரு முறை. "கொஞ்ச நாள் ஓடினால் சரியாகிவிடும்" என்று விற்பவர் சொன்னால், அந்தக் கொஞ்ச நாள் அவரே ஓட்டட்டும் என்று சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். பேரிங் தானாக ஆறுவதில்லை.