வெட்டியா வானம் பார்ப்போர் சங்கம்

"என்னடா மேலயே பார்த்துட்டு நிக்கிற? கொஸ்டின் பேப்பர் அங்கிருந்தா விழப்போகுது?" கேன்டீன் வாசல்ல நின்னு வானத்தைப் பார்த்தா இந்தக் கேள்வி நிச்சயம் வரும். அடுத்த தடவை கேட்டா, "எண்ணிட்டு இருக்கேன்"னு கெத்தா சொல்லுங்க. மலை உச்சியில நாற்காலி போட்டு உட்கார்ந்து, காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் தலைக்கு மேல போற பருந்து, கழுகு, வல்லூறுகளை எண்ணுற ஆட்கள் உலகத்துல நிறைய பேர் இருக்காங்க பாஸ்.

சிவகாசி, சாத்தூர், விருதுநகர்க்காரங்களுக்கு இதைப் புரிய வைக்கிறது சுலபம். வெயிலைப் பத்தி நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். மழையும் ஈரமும் குறைவுங்கிறதாலதான் தீப்பெட்டியும் பட்டாசும் இந்த மண்ணுல வேர் பிடிச்சது. அந்த வெயிலுக்கு இன்னொரு ரசிகர் பருந்து. தரை சூடேறினதும் காத்து தூண் மாதிரி மேலே கிளம்பும். பருந்து இறக்கையை விரிச்சு அதுக்குள்ள நுழைஞ்சு, வட்டமடிச்சே உயரப் போயிடும். ஓசி லிப்ட்! உச்சிக்குப் போனதும் சறுக்கி இறங்கி அடுத்த தூணைப் பிடிக்கும். பெட்ரோல் செலவே இல்லாம பல ஆயிரம் கிலோமீட்டர் வலசை போறது இப்படித்தான்.

கடல் மேல இந்த லிப்ட் சரியா வேலை செய்யாது. அதனால பெரிய பறவைகள் கடலைச் சுத்திக்கிட்டு, மலையோரமா ஒரே சந்துல நெருக்கியடிச்சுப் போகும். ஜார்ஜியா நாட்டு பத்துமியில ஒரு பக்கம் கருங்கடல், மறுபக்கம் மலை. 2008-லிருந்து அங்கே எண்ணுறாங்க. ஒவ்வொரு இலையுதிர் காலத்துலயும் பத்து லட்சத்துக்கு மேல! நேபாளத்துல பொக்காரா பக்கம் தூல்கர்க்காவுல ஸ்டெப்பி கழுகுகள் ஆயிரக்கணக்குல போகுது. நம்ம தர்மசாலாவுலயும் 2001-02ல இதே மாதிரி எண்ணியிருக்காங்க. வட்டமடிக்கும்போது எண்ணினா குழம்பிடும். வட்டத்தை விட்டு வரிசையா சறுக்கி வெளியே வரும்போதுதான் எண்ணணும். இதான் தொழில் ரகசியம்.

சரி, எண்ணி என்ன ஆகப்போகுது?

அமெரிக்காவின் பென்சில்வேனியாவுல ஒரு மலை. வலசை சீசன்ல துப்பாக்கியோட ஏறி, சும்மா ஜாலிக்காகப் பருந்துகளைச் சுட்டுத் தள்ளுவாங்க. 1934-ல ரோசலி எட்ஜ்னு ஒரு அம்மா அந்த மலையைக் குத்தகைக்கு எடுத்து, மாரிஸ் ப்ரூன்ங்கிறவரைக் காவலுக்கு வெச்சாங்க. மனுஷன் காவல் காத்துக்கிட்டே எண்ணவும் ஆரம்பிச்சார். வருஷங்கள் போகப்போக, இளம் வெண்தலைக் கழுகுகள் குறைஞ்சுட்டே வர்றது அந்த நோட்டுல தெரிஞ்சது. டி.டி.டி. பூச்சிமருந்தை எதிர்த்து 1962-ல 'மௌன வசந்தம்' எழுதின ரேச்சல் கார்சன், அந்தக் கணக்கையும் ஒரு சாட்சியாக் காட்டினார்.

நம்ம நாட்டுலயும் நடந்திருக்கு. ராஜஸ்தான் பரத்பூர்ல விபு பிரகாஷ் 1987-88ல எண்ணினப்போ பாறுக் கழுகுகளோட கூடு 353. 1998-99ல வெறும் 20. பழைய எண் கையில இருந்ததாலதான் அலாரம் அடிக்க முடிஞ்சது. மாட்டுக்குப் போடுற டைக்ளோஃபெனாக் ஊசிதான் வில்லன்னு 2004-ல ஆய்வு வந்தது, 2006-ல கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை பண்ணினாங்க. நம்ம பக்கத்து தாத்தாக்கள்கிட்ட கேட்டுப் பாருங்க. "அப்பல்லாம் செத்த மாட்டுக்கு நிறைய கழுகு வரும்பா"ன்னு சொல்வாங்க. எத்தனைன்னு கேட்டா, மறுபடியும் "நிறைய"தான். 'நிறைய'வை வெச்சு எதைக் கழிக்கிறது?

நமக்குப் பக்கத்துல மலை இருக்கே, போயிடலாமான்னு கேட்கிறீங்களா? ஸ்ரீவில்லிபுத்தூர் மலை 2021-லிருந்து புலிகள் காப்பகம். நினைச்ச இடத்துக்கு ஏறிட முடியாது, ஏறவும் வேண்டாம். கரிசக்காடு போதும். நம்ம ஊர்ல தீபாவளி லோடு லாரி ஏறுற சமயத்துல, மத்திய ஆசியாவின் புல்வெளிகள்லேருந்து பூனைப் பருந்துகள் தெற்கே வந்து இறங்கும். மார்ச் வாக்குல கிளம்பும். இறக்கையை 'வி' மாதிரி தூக்கிக்கிட்டு, தரைக்கு மேல தாழ்வா, அப்படியும் இப்படியும் சாய்ஞ்சு பறக்கும். வெட்டுக்கிளி, எலி எல்லாம் மெனுவுல உண்டு. விவசாயிகிட்ட சம்பளம் கேட்காத வேலையாள்! ராத்திரி மரத்துல தங்காது. புல்லுக்குள்ள தரையிலேயே கூட்டமாத் தூங்கும். குஜராத் வேலாவதர் புல்வெளியில 1990-கள்ல ஒரே இடத்துல ரெண்டாயிரம் வரைக்கும் தங்கினதா கணக்கு இருக்கு.

சிக்கல் என்னன்னா, அந்தப் புல்வெளிக்கு நம்ம ரெக்கார்டுல பேரு 'தரிசு'. தரிசுன்னா சும்மா கிடக்குதுன்னு அர்த்தம் பண்ணி, ஒரு நாள் கல்லு நட்டு பிளாட் போட்டுடுறோம். அங்கே முந்தின வருஷம் எத்தனை பருந்து தூங்குச்சுன்னு யாராவது எழுதி வெச்சிருந்தா, குறைஞ்சபட்சம் ஒரு மனுவாவது கொடுக்கலாம்.

அதனால, நோட்டு ஒண்ணு எடுங்க. பொழுது சாய ஒரு மணி நேரம் முன்னாடி ஏதாவது கண்மாய்க் கரையில, புல்லுக்குத் தள்ளியே உட்காருங்க. பக்கத்துல போனா எழுப்பி விட்டுடுவீங்க, ராத்திரியில அதுங்க எங்கே போகும்? தேதி, நேரம், எத்தனை வந்து இறங்கிச்சு, அவ்வளவுதான். ஒண்ணுமே வரலையா? சைபர்னு எழுதுங்க. அரியர் எண்ணிக்கையில மட்டும்தான் சைபருக்கு மதிப்புன்னு நினைக்காதீங்க. 2015-லிருந்து பொங்கல் லீவுல தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்குது. பிப்ரவரியில காலேஜ் வளாகங்களுக்குன்னே ஒண்ணு இருக்கு. பதினஞ்சு நிமிஷம் பார்த்து 'ஈபேர்ட்'ல பதிஞ்சாலும் கணக்குதான்.

கேன்டீன் வாசல்ல நக்கலடிச்ச அந்த நண்பனையும் கூட்டிட்டுப் போங்க. நீங்க கண்ணை எடுக்காம மேலே பார்க்கும்போது, கீழே உட்கார்ந்து எழுத ஒரு ஆள் வேணும்.