கத்தி வைக்கும் முன் கணக்குப் பார்த்தாச்சா?

"ஆபரேஷன் பண்ணினா சரியாயிடும்னு சொல்றாங்க... பண்ணிக்கலாமா?"

செய்யூரிலிருந்து மதுராந்தகம் போகிற பஸ்ஸில் உட்கார்ந்து பாருங்கள். ஊர் போய்ச் சேர்வதற்குள் யாராவது ஒருவர் யாரிடமாவது இதைக் கேட்டுவிடுவார். பதில் சொல்லவும் ஆள் தயாராக இருக்கும். "தாராளமா பண்ணிக்கோங்க. எங்க மாமா பண்ணிக்கிட்டார். இப்ப ஜம்முனு நடக்கறார்!" பின் சீட்டிலிருந்து இன்னொரு குரல் வரும்: "வேணாம்மா... எங்க சின்ன மாமியார் பண்ணிக்கிட்டு, இருந்ததும் போச்சு."

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஆனால், இரண்டுமே பதில் இல்லை!

மாமா நடப்பதற்கு ஆபரேஷன்தான் காரணமா? அந்த வலி ஆறு மாதத்தில் தானாகவே குறைந்திருக்காதா? ஆபரேஷனுக்குப் பிறகு கிடைத்த ஓய்வு, மகள் வந்து பக்கத்தில் இருந்து கவனித்தது, 'இவ்வளவு செலவு பண்ணியாச்சு, சரியாகித்தான் தீரும்' என்ற தைரியம், இவற்றுக்கெல்லாம் பங்கே இல்லையா? ஒரே மாமாவை ஆபரேஷன் செய்தும் செய்யாமலும் இரண்டு முறை வாழவைத்துப் பார்க்க முடியாதே!

இந்தச் சிக்கலை அவிழ்ப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவர் உண்டு. அவர் கழுத்தில் ஸ்டெதஸ்கோப் தொங்காது. கத்தியைக் கையால் தொட்டிருக்க மாட்டார். நோயாளிக்கு அவர் பெயரே தெரியாது. அவர்தான் மருத்துவப் புள்ளியியல் நிபுணர். ஆபரேஷன் செய்து புகழ் பெற்ற டாக்டர்களை நாம் கொண்டாடுகிறோம். 'இந்த ஆபரேஷன் தேவைதானா?' என்று கணக்குப் போட்டுச் சொன்னவரை யாரும் கண்டுகொள்வதில்லை. இது சரியில்லை என்பது என் கட்சி.

உத்திரமேரூர்க் குடமும் லண்டன் கவரும்

ஒரு மருந்தையோ ஆபரேஷனையோ சோதிக்க வேண்டுமானால், ஒரே மாதிரியான நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரிக்க வேண்டும். யார் பிரிப்பது? டாக்டரிடம் விட்டால், தன்னை அறியாமலே திடமான ஆட்களை ஆபரேஷனுக்கு அனுப்புவார். பலவீனமானவர்களை மாத்திரைக்கு அனுப்புவார். பிறகு, 'பார்த்தீர்களா, ஆபரேஷன்தான் ஜெயித்தது' என்பார். பந்தயம் தொடங்கும் முன்பே முடிவு தெரிந்துவிடும்!

இதற்கு வழி, சீட்டுக் குலுக்கல். ஆச்சரியமாக இருக்கிறதா? இந்த நியாயம் நம் பக்கத்துக்குப் புதிதல்ல. மதுராந்தகத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஆண்டு 919, 921. ஊர் வாரியங்களுக்கு ஆள் எடுக்கிற முறையை அவை சொல்கின்றன. யார் பெயர் குடத்துக்குள் போகலாம் என்பதற்கு முதலில் விதி: வயது 35-லிருந்து 70-க்குள், சொந்த நிலம், சொந்த மனையில் வீடு. பிறகு ஓலைகளைக் குடத்தில் போட்டு, உள்ளே என்ன இருக்கிறதென்று அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். பெரிய மனிதர்கள் கை வைக்க முடியாது!

இதே நியாயத்தை 20-ஆம் நூற்றாண்டில் மருத்துவத்துக்குள் கொண்டுவந்தவர், ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில். முதல் உலகப்போரில் காசநோய் தாக்கி, டாக்டராகும் கனவைக் கைவிட்டவர். படுக்கையில் கிடந்தபடியே தபால் மூலம் பொருளாதாரம் படித்து, புள்ளியியலுக்கு வந்தார். காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் பயன்படுமா என்று பார்க்க, 107 நோயாளிகளை ஒட்டிய கவர்களின் மூலம் பிரித்தார். கவரைத் திறக்கும்வரை எந்தப் பிரிவென்று டாக்டருக்கே தெரியாது. 1948-ல் முடிவு வெளியானது. ஆறு மாதத்தில், மருந்து பெற்ற 55 பேரில் 4 பேர் இறந்தார்கள். படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேர். அதற்குப் பிறகு வாதத்துக்கு இடமேது?

மாத்திரை சுலபம், கத்தி கஷ்டம்

மாத்திரையைச் சோதிப்பது சுலபம். அதே நிறத்தில், அதே அளவில் ஒரு வெற்று மாத்திரை செய்துவிடலாம். வெற்று ஆபரேஷன் செய்ய முடியுமா? தையல் இருக்கிறதா இல்லையா என்பது நோயாளிக்கே தெரியுமே! தவிர, மாத்திரை எந்தக் கடையில் வாங்கினாலும் ஒன்றுதான். ஆபரேஷன் அப்படியா? ஆயிரம் செய்த கை வேறு, பத்து செய்த கை வேறு.

அதனால் நிபுணரின் வேலை, முதல் நோயாளி வருவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. எத்தனை பேர் வேண்டும்? எதை 'குணம்' என்று சொல்வது? எத்தனை வருடம் கழித்துப் பார்ப்பது? எக்ஸ்ரேயைப் படிப்பவருக்கு, இவர் எந்தப் பிரிவு என்று தெரியாமல் இருக்கச் செய்வது எப்படி? ஆபரேஷன் சீட்டு விழுந்தவர் பயந்துகொண்டு வீட்டுக்குப் போய்விட்டால், அவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது? (ஆபரேஷன் கணக்கில்தான்! இல்லாவிட்டால் குலுக்கலுக்கு அர்த்தமே இல்லை.) இத்தனையும் எழுதி வைத்த பிறகுதான் ஆய்வு தொடங்க வேண்டும்.

புள்ளியியல் மேதை ஆர்.ஏ. ஃபிஷர் 1938-ல் கல்கத்தாவில் பேசும்போது, ஆய்வு முடிந்தபிறகு புள்ளியியல்காரரைக் கூப்பிடுவது பிரேதப் பரிசோதனைக்குக் கூப்பிடுவது போலத்தான் என்ற பொருளில் சொன்னார். இன்றைக்கும் நம் ஆஸ்பத்திரிகள் பலவற்றில் அதுதானே நடக்கிறது?

சென்னையில் தோற்ற கத்தி

சரி, இது நம் ஊரில் நடந்திருக்கிறதா? பேஷாக நடந்திருக்கிறது!

1956-ல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் கைகோத்த இடம். (இன்றைய பெயர், தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.) காசநோய் என்றால் சானடோரியத்தில் கிடந்தே ஆகவேண்டும் என்றிருந்த காலம் அது. 193 நோயாளிகளைக் குலுக்கலில் பிரித்து, பாதிப் பேரை சானடோரியத்திலும் பாதிப் பேரை வீட்டிலும் வைத்து மருந்து கொடுத்தார்கள். வீட்டிலிருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு தேறினார்கள். 1959-ல் வந்த இந்த முடிவு, உலகம் முழுவதும் காசநோய் வைத்தியத்தையே மாற்றியது. இந்த மையத்தில் வளர்ந்த புள்ளியியல் நிபுணர்களில் எஸ். ராதாகிருஷ்ணா, பி.ஆர். சோமசுந்தரம் போன்றவர்கள் உண்டு. எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்?

இந்த மையம்தான் முதுகெலும்புக் காசநோயையும் கையில் எடுத்தது. அரித்துப்போன எலும்பை மார்பு, வயிறு வழியாகப் போய் வெட்டியெடுத்து, வேறு எலும்பு வைத்து ஒட்டுகிற பெரிய ஆபரேஷன் அப்போது பிரபலம். மருந்து மட்டும் போதாதா என்பது கேள்வி. கால் செயலிழக்காத நோயாளிகளை மூன்று பிரிவாகக் குலுக்கினார்கள். ஒரு பிரிவுக்கு ஆபரேஷனோடு ஆறு மாத மாத்திரை. இரண்டாவது பிரிவுக்கு, நடமாடிக்கொண்டே ஆறு மாத மாத்திரை மட்டும். மூன்றாவதற்கு ஒன்பது மாத மாத்திரை மட்டும்.

பத்து வருடம் கழித்துப் பார்த்த கணக்கு 1999-ல் வெளியானது. ஆபரேஷன் செய்துகொண்ட 78 பேரில் 90 சதவிகிதம் பேர் நல்ல நிலையில் இருந்தார்கள். ஆறு மாத மாத்திரை மட்டும் எடுத்த 78 பேரில் 94 சதவிகிதம். ஒன்பது மாதம் எடுத்த 79 பேரில் 99 சதவிகிதம்!

இங்கேதான் நிபுணரின் நேர்மையைப் பார்க்க வேண்டும். 90-க்கும் 94-க்கும் உள்ள வித்தியாசம் மூன்றே மூன்று ஆட்கள்தான். அது தற்செயலாகவும் வரலாம். 'ஆபரேஷன் கெடுதல்' என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. 'அவ்வளவு பெரிய ஆபரேஷனால் கூடுதல் பலன் தெரியவில்லை' என்று சொல்லலாம். அதே ஆய்வு ஒரு எச்சரிக்கையும் கொடுத்தது. 15 வயதுக்குக் குறைந்த, முதுகு ஏற்கெனவே 30 டிகிரிக்கு மேல் வளைந்திருந்த பிள்ளைகளுக்கு, ஆறு மாத மாத்திரையில் கூன் அதிகமானது. ஆக, மாத்திரை எல்லோருக்கும் சர்வரோக நிவாரணி அல்ல. (இன்று எலும்புக் காசநோய்க்கு மாத்திரை காலத்தை இன்னும் நீட்டியிருக்கிறார்கள். டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. கால் மரத்துப்போனால், பலவீனம் தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.)

மதுரையில் ஜெயித்த கத்தி

'அப்படியென்றால் இந்தக் கணக்குப்பிள்ளைகள் ஆபரேஷனுக்கு எதிரிகளா?' என்று கேட்காதீர்கள். கண்புரை ஆபரேஷன் முடிந்து, கனமான சோடாபுட்டிக் கண்ணாடியோடு நடமாடிய தாத்தா பாட்டிகளை நினைவிருக்கிறதா? கண்ணுக்குள் லென்ஸ் வைப்பது பணக்காரர்களின் சமாசாரம் என்றிருந்த நேரத்தில், மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் 3,400 நோயாளிகளைக் குலுக்கலில் பிரித்து இரண்டு முறைகளையும் ஒப்பிட்டார்கள். 1998-ல் முடிவு வந்தது. பார்வையிலும் அன்றாட வாழ்க்கையிலும் லென்ஸ்தான் மேல். இன்று ஏழைக்கும் லென்ஸ் என்று நாம் உரிமையோடு கேட்பதற்கு இப்படிப்பட்ட ஆதாரம் பின்னால் நிற்கிறது.

வெளிநாட்டிலும் பாருங்கள். மார்பகப் புற்றுநோய்க்கு நெஞ்சுத் தசையோடு சேர்த்து வெட்டியெடுப்பதுதான் பல காலம் வழக்கம். அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷர் என்ற சர்ஜன் 1971-ல் குலுக்கல் ஆய்வு தொடங்கினார். அவ்வளவு வெட்டுவதால் ஆயுள் கூடவில்லை என்பது, 25 வருடக் கணக்கிலும் உறுதியானது. பெண்களுக்கு எவ்வளவு பெரிய விடுதலை!

மூட்டுத் தேய்மானத்துக்குத் துளை போட்டுச் சுத்தம் செய்கிற ஆபரேஷனை, ஹூஸ்டனில் 180 பேரிடம் சோதித்தார்கள். ஒரு பிரிவினருக்குத் தோலில் மட்டும் கீறித் தைத்துவிட்டார்கள். நோயாளிகள் சம்மதித்துத்தான்! இரண்டு வருடம் கழித்தும் வித்தியாசம் இல்லை. 2002-ல் வெளியான முடிவு இது. (மூட்டு மாற்று ஆபரேஷன் வேறு, அதோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

"என் உயிரை வெச்சு சீட்டாடறதா?"

நியாயமான கோபம்தான். ஆனால், எது மேல் என்று டாக்டர்களுக்கே உண்மையில் தெரியாதபோதுதான் குலுக்கல். நோயாளியிடம் விளக்கி, சம்மதம் வாங்க வேண்டும். நெறிமுறைக் குழு ஒப்புக்கொள்ள வேண்டும். நடுவில் ஒரு பக்கம் ஆபத்து தெரிந்தால் நிறுத்த வேண்டும். இத்தனை காவல் உண்டு. குலுக்கல் இல்லாவிட்டால் என்ன நடக்கிறது? இந்த ஆஸ்பத்திரிக்குப் போனால் ஆபரேஷன், அந்த ஆஸ்பத்திரிக்குப் போனால் மாத்திரை. இதுவும் சீட்டுக் குலுக்கல்தான். என்ன, யாரும் கணக்கு எழுதி வைப்பதில்லை!

நம் பக்கத்தில் ஆபரேஷன் என்றால் மாட்டை விற்கிறார்கள், தாலிச் சங்கிலி அடகுக்குப் போகிறது. உப்பளத்தில் தினக்கூலிக்கு நிற்பவருக்கு மூன்று மாதம் படுக்கை என்பது மூன்று மாதப் பட்டினி. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் கொடுத்தாலும், அது நம் வரிப்பணம். எனவே என் கோரிக்கை இதுதான்: ஆபரேஷனுக்குப் பணம் தருகிற அரசாங்கம், எது பலன் தருகிறதென்று அரசு மருத்துவக் கல்லூரிகளிலேயே முறையாகச் சோதிக்கவும் பணம் ஒதுக்க வேண்டும். ஒவ்வொரு கல்லூரியிலும், ஆய்வின் முதல் நாளிலிருந்தே உட்கார ஒரு புள்ளியியல் நிபுணருக்கு நாற்காலி வேண்டும். இந்தியாவில் நடக்கும் சிகிச்சை ஆய்வுகளைப் பதிவு செய்யும் பொதுப் பதிவேடு 2007-லிருந்து இருக்கிறது. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம்.

நீங்கள் செய்ய வேண்டியது? அவசர ஆபரேஷன் என்றால் யோசிக்கவே வேண்டாம். விபத்து, குடல் முறுக்கல், பிரசவச் சிக்கல் எல்லாம் நேரத்தோடு போட்டி போடுகிற விஷயம். ஆனால், 'அடுத்த மாசம் வெச்சுக்கலாம்' என்கிற ஆபரேஷன் என்றால், டாக்டரிடம் பணிவாக மூன்று கேள்வி கேளுங்கள்.

"பண்ணிக்கலைன்னா என்ன ஆகும் சார்?"

"என்னை மாதிரி நூறு பேர் பண்ணிக்கிட்டா எத்தனை பேருக்கு நல்லாகும், எத்தனை பேருக்குச் சிக்கல் வரும்?"

"மாத்திரை, உடற்பயிற்சியோட ஒப்பிட்டுச் சோதிச்சிருக்காங்களா?"

நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். சந்தோஷமாக உட்கார வைத்துச் சொல்வார். அவர் சொல்கிற ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும், பெயர் தெரியாத ஒரு கணக்குக்காரரின் பத்து வருட உழைப்பு இருக்கும். மாமாவின் கதையைக் கேளுங்கள், தப்பில்லை. முடிவை மட்டும் அந்தக் கணக்கைப் பார்த்து எடுங்கள்!